வெயில் காலத்தில் குடிக்காமல் இருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடியை விட்டு 11 வருஷம் ஆகிறது. அதில் 9 வருஷமாக, புதிதாக விட நினைப்பவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் பேசுவதும், அரசு மருத்துவமனைக்குத் துணைக்குப் போவதும் என் சாயங்கால வேலை. பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் எனக்குப் போன் கூடிவிடும். வைகாசி முடியும்வரை திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து சம்பந்தமானதெல்லாம் வார்டில் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"மழைக்காலம் முழுக்க சமாளிச்சுட்டேன். வெயில் வந்ததும் ஏன் இப்படி நாக்கு அரிக்குது? எனக்கு மட்டும்தானா?"

உங்களுக்கு மட்டும் இல்லை. வருஷக்கணக்கில் தாகம் எடுத்தபோதெல்லாம் ஒரு பீரை உடைத்த உடம்புக்குத் தாகமும் குடி ஆசையும் ஒரே முடிச்சாகிவிடும். தொண்டை வறண்டால் தண்ணீர் ஞாபகம் வராது, கடை ஞாபகம்தான் வரும். இதோடு புழுக்கத்தில் தூக்கம் கெடுகிறது. பிள்ளைகள் லீவுக்கு ஆச்சி வீட்டுக்குப் போய்விட வீடு வெறிச்சென்று கிடக்கிறது. திருவிழா, கல்யாணம், ராத்திரி ஐபிஎல் மேட்ச் என்று கூட்டம் சேரச் சாக்குக்கும் பஞ்சமில்லை.

பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலும் வந்தால் ஜாக்கிரதை என்று, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் எங்கள் மீட்டிங்குகளில் சொல்வோம். சித்திரையில் நான் தாகத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆசை கிளம்பியதும் முதலில் இரண்டு டம்ளர் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடியுங்கள், வயிற்றுக்கு ஏதாவது போடுங்கள், பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். பெரும்பாலும் அதற்குள் வேகம் இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் போனை எடுங்கள். யாரிடம் பேசுவது என்று கீழே சொல்கிறேன்.

"பீர் உடம்புக்குக் குளிர்ச்சிதானேண்ணே?"

சில்லென்று இறங்குவது நிஜம். அந்தச் சில்லிப்பு ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலுடையது. ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரும் அதே சில்லிப்போடுதான் இறங்கும். உள்ளே போன ஆல்கஹால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அடக்கிவிடுகிறது. உடம்பில் தங்க வேண்டிய தண்ணீரும் சேர்ந்து வெளியே போகிறது. மறுநாள் காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

இன்னொன்று, போதையில் இருப்பவருக்கு உடம்பு சுடுவது உறைக்காது. நிழல் நகர்ந்தது தெரியாமல் வெயிலில் படுத்துக் கிடந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

"ஹாட் எல்லாத்தையும் விட்டுட்டேன். வெயிலுக்கு ரெண்டு பீர் மட்டும்தான். இதுவும் குடியா?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீதச் சரக்கு ஒரு குவாட்டர், அதாவது 180 மில்லியில் 77 மில்லி. ஒன்றரை பாட்டில் ஸ்ட்ராங் பீர் குடித்தால் ஒரு குவாட்டர் உள்ளே போயாயிற்று. நீங்கள் சொல்லும் ரெண்டு பீர் குவாட்டரைத் தாண்டிவிடுகிறது.

குடிநோய் வந்தவருக்கு, அதாவது ஆரம்பித்தால் நிறுத்த முடியாத நிலைக்குப் போனவருக்கு, அளவு என்று ஒன்று கிடையாது. பீர் வழியாகத் திரும்பிப் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிராந்தியை வீட்டில் யாரும் விட மாட்டார்கள். பீர் என்றால் "வெயிலுக்குத்தானே" என்று மனைவியே விட்டுவிடுகிறார். வெயில் காலத்தில் நான் மிகவும் பயப்படுவது இந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

"நாளைக்கே நிறுத்திடப் போறேன். வீட்டுலயே படுத்துக் கிடந்து நிறுத்தலாமா?"

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, கொஞ்சம் ஊற்றினால்தான் அது நிற்கிறதா? ஆமாம் என்றால் வீட்டில் திடீரென்று நிறுத்தாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும். இல்லாத ஆள் தெரிவார், இல்லாத குரல் கேட்கும், எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியாது. ஏற்கெனவே ஒருமுறை நிறுத்தும்போது வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். வெயிலில் நீர் வற்றிய உடம்பு என்றால் இன்னும் மோசம்.

மருத்துவமனையில் சில நாள் மாத்திரை கொடுத்து, அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, இதைப் பத்திரமாகக் கடத்திவிடுவார்கள். கூடவே தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். அந்த மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அதற்கும் அடிமையாகிவிடலாம். காலை நடுக்கம் இல்லை, எப்போதாவதுதான் குடிக்கிறேன் என்பவரும் டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்துவது நல்லது.

"கோயில்ல கயிறு கட்டிட்டு வந்துட்டா போதாதா? எங்க ஊர்ல நிறைய பேர் அப்படித்தான் விட்டாங்க."

கயிறு கட்டி விட்டவர்கள் உண்டு. சாமி முன்னால் கொடுத்த வாக்கு பெரிய பலம், அதை ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கயிறு மனசைக் கட்டும், நடுக்கத்தைக் கட்டாது.

ஒரு சித்திரையில் கொத்தனார் ஒருவர் வெள்ளிக்கிழமை கயிறு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மனைவி அழுதுகொண்டே கூப்பிட்டார். நான் போனபோது அவர் திண்ணையில் உட்கார்ந்து, பனியனிலிருந்து எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். எறும்பே இல்லை. டீ டம்ளரைக் கொடுத்தால் பிடிக்க முடியவில்லை, பாதி டீ கைலியில் கொட்டிவிட்டது. ஆட்டோவில் போகும்போது என்னைத் தன் செத்துப்போன அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆறு நாள் வார்டில் இருந்தார். வலது கையில் கயிறு இருந்ததால் நர்ஸம்மா டிரிப்ஸை இடது கையில் ஏற்றினார். யாரும் அந்தக் கயிற்றை அறுக்கச் சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கயிறும் கட்டுங்கள், இரண்டுக்கும் சண்டை இல்லை.

"காப்பு கட்டினா பதினஞ்சு நாள் ஒரு சொட்டு தொட மாட்டார். அப்போ நினைச்சா விட முடியும்தானே? அவருக்குப் போய் நோய்ங்கறீங்களே?"

காப்பு அவிழ்க்கிற அன்றைக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அன்று ராத்திரியே வட்டியும் முதலுமாகக் குடிக்கிறார் என்றால் அந்தப் பதினைந்து நாளும் அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். இடையில் நிறுத்த முடிவது நோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. நான் மூன்று முறை மாலை போட்டு மூன்று முறையும் மாலையைக் கழற்றிய மறுநாள் குடித்தவன்.

ஆனால் இதில் ஒரு நல்ல வாசல் இருக்கிறது. காப்பு கட்டிய நாட்களில் உடம்பு தெளிவாக இருக்கும், காதும் கேட்கும். அவரிடம் பேச அதுதான் நேரம். காப்பு அவிழ்க்கும் நாளுக்கு முன்பே டாக்டரிடமோ ஒரு மீட்டிங்குக்கோ கூட்டிப்போய்விடுங்கள். அவிழ்த்த பிறகு என்றால் யார் பேச்சும் ஏறாது.

"மயங்கி விழுந்தா அது வெயிலா, குடியை நிறுத்தினதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வீட்டில் இருந்துகொண்டு கண்டுபிடிக்க முயலாதீர்கள். வெயில் தாக்கினால் உடம்பு அனலாகக் கொதிக்கும், பேச்சு குழறும். குடியை நிறுத்தியதால் என்றால் நடுக்கம், வியர்வை, மேலே சொன்ன பிதற்றல். இரண்டும் சேர்ந்தும் வரும். எதுவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் துடைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது, பல்லுக்கிடையில் எதையாவது வைத்தால் பல் உடையும்.

முக்கியமானது ஒன்று. "வெயில்ல மயங்கிட்டார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று தெரு முனைக் கிளினிக்கில் கேட்டு வாங்குகிறோம். தினமும் குடித்தவருக்குத் தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் "இவர் குடிக்கிறவர், இத்தனை நாளா நிறுத்தியிருக்கார்" என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நிறைய வீட்டில் இதைத்தான் மறைக்கிறார்கள்.

"சரி, எங்கே போறது? கையில காசில்லை."

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு எடுத்து "குடியை நிறுத்தணும்" என்று சொன்னால் போதும். மனநலப் பிரிவு என்றதும் பயப்படாதீர்கள், குடிநோயைப் பார்ப்பது அவர்கள் வேலை. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அதே சென்னையில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் ஆரம்பித்த டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை இருக்கிறது. டி.டி.கே. மருத்துவமனை என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் வீட்டாருக்கும் சிகிச்சையில் பங்கு உண்டு.

போனில் பேச: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனசு தாங்காத நேரத்துக்கு டெலி மானஸ் 14416. தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. இவற்றை இப்போதே போனில் பதிந்துவையுங்கள். ராத்திரி பத்தரைக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

"ஒரு சென்டர்ல வண்டி அனுப்பி, கையைக் கட்டித் தூக்கிட்டுப் போய் மூணு மாசம் வச்சிருப்பாங்களாம். லீவுக்குள்ள முடிச்சுடலாம்னு பார்க்கிறோம்."

அம்மா, உங்கள் கஷ்டம் புரிகிறது. அப்படி ஒரு சென்டரில் 40 நாள் இருந்தவன் நான். தகர ஷெட், மே மாதம், ஒரு ஃபேன், இருபத்திரண்டு பேர். நடுக்கத்துக்கு மாத்திரை கிடையாது, அடிதான் மருந்து. வெளியே வந்த அன்றே குடித்தேன். குடிப்பதற்கு முன்னால், என்னை அங்கே அனுப்பிய என் அப்பாவோடு சண்டை போட்டேன்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017-ம் வருஷ மனநலச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. குடி, போதைக்கான சிகிச்சையும் அந்தச் சட்டத்துக்குள் வரும். சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். அரசுப் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார், உள்ளே இருப்பவரோடு நீங்கள் பேசலாமா, படுக்கும் இடத்தில் காற்று வருகிறதா என்று கேளுங்கள். உள்ளே விட மாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

"ஏஏ மீட்டிங்னா என்ன? பேர், ஊர் எல்லாம் கேட்பாங்களா? சாமி கும்பிடணுமா?"

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதைத்தான் ஏஏ என்கிறோம். 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியை விட முயன்ற இரண்டு பேர் சந்தித்துப் பேசியதில் ஆரம்பித்தது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. தமிழிலேயே மீட்டிங் நடக்கிறது. கட்டணம் கிடையாது, குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். முழுப்பெயர், வேலை, சாதி எதையும் கேட்க மாட்டார்கள், அங்கே பேசியதை வெளியே பேசவும் மாட்டார்கள். "இறைவன்" என்ற சொல் வரும். அவரவர் நம்புகிற சக்தி என்றுதான் அர்த்தம். சாமி நம்பிக்கை இல்லாத தோழர் ஒருவர் எங்கள் குழுவில் ரொம்ப நாளாக வருகிறார்.

முதல் நாள் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்ச், முட்டி இடித்தது. ஒருவர் எழுந்து, தன் மகளின் கொலுசை விற்றுக் குடித்ததைச் சொன்னார். நானும் விற்றிருந்தேன். அதை அவர் சத்தமாகச் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. அங்கே கிடைப்பது அதுதான், இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

"லீவு விட்டதும் எங்க மீட்டிங் நடக்கிற ஸ்கூலைப் பூட்டிட்டாங்க. ரெண்டு வாரமா போகலை."

ஒவ்வொரு வருஷமும் நடப்பது. பள்ளிக்கூடத்திலும் சர்ச் ஹாலிலும் நடக்கும் கூட்டங்கள் லீவில் இடம் மாறும், நேரமும் மாறும். ஏப்ரலிலேயே குழுவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் அந்த ஊரில் எங்கே மீட்டிங் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். எதுவும் இல்லை என்றால் ஆன்லைன் மீட்டிங் இருக்கிறது. இரண்டு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினாலும் அன்றைக்கு அது போதும்.

"வைகாசியில மூணு கல்யாணம். போகாம இருக்க முடியாது. போனா ஊத்திக் கொடுத்துடுவாங்க."

ஆபத்து பந்தியில் இல்லை. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, மாப்பிள்ளை வீட்டார் எடுத்த லாட்ஜ் ரூமில் இருக்கிறது. ஏசி ரூம், கட்டிலில் பேப்பர் விரித்து மிக்சரும் ஆம்லெட்டும், "மாமா வந்துட்டார், ஒரு கிளாஸ் எடு" என்கிற குரல். அந்த ரூமுக்குப் போய்விட்டுக் குடிக்காமல் திரும்பியவர் ரொம்பக் குறைவு. போகவே போகாதீர்கள். விடியற்காலை கிளம்பி நேரே மண்டபத்துக்குப் போய், தாலி கட்டியதும் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வந்துவிடுங்கள். சொந்த வண்டியில் போங்கள். அடுத்தவர் காரில் போனால் அவர் கிளம்பும்போதுதான் நீங்களும் கிளம்ப முடியும்.

யாராவது நீட்டினால் நீளமாக விளக்கம் சொல்லாதீர்கள். "மாத்திரை சாப்பிடுறேன் மாப்ள, டாக்டர் தொடக் கூடாதுன்னுட்டார்." அவ்வளவு போதும். விட்ட முதல் வருஷம் என்றால் முதல் நாளே வீட்டுக்குப் போய் மொய்யைக் கொடுத்து, வர முடியாததைச் சொல்லிவிட்டு வருவதில் ஒரு தப்பும் இல்லை. உறவுக்காரர் ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். இருக்கட்டும்.

"ஃபிரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து ஏற்காடு போறோம். நான் குடிக்காம வண்டி ஓட்டுறேன்னு சொல்லியிருக்கேன்."

அந்த நண்பர்கள் குடிக்கத்தான் போகிறார்கள் என்றால் போகாதீர்கள். பாண்டிச்சேரி என்றாலும் கொடைக்கானல் என்றாலும் இதே பதில்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பமாகப் போங்கள், நல்லது.

"பதநீர் குடிக்கலாமா? கள்ளு இயற்கையானதுதானே, அது என்ன பண்ணும்?"

இரண்டும் ஒரே பனையிலிருந்துதான் வருகின்றன. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். சுண்ணாம்பு புளிக்க விடாது. தடவாமல் விட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றிவிடும், அது கள். இயற்கையாக வந்தாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடையும் இருக்கிறது.

காலையில் இறக்கிய பதநீரைத் தெரிந்தவரிடம் வாங்கிக் குடியுங்கள், நானும் குடிக்கிறேன். மத்தியானம்வரை வெயிலில் நின்றது, நுரை கட்டியது, மூக்கில் புளிப்பு வாடை ஏறுவது, இதெல்லாம் வேண்டாம். டைசல்ஃபிரம், அதாவது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை, எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீராகாரமும் கம்பங்கூழும் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். அதில் நடப்பது பெரும்பாலும் தயிர் புளிப்பது போன்ற புளிப்பு. நான் தினமும் காலையில் சின்ன வெங்காயத்தோடு பழைய சோறுதான் சாப்பிடுகிறேன்.

"ஜீரோ பீர்னு வருதே, ஆல்கஹால் இல்லாதது?"

வேண்டாம் என்பது என் கருத்து. அதே பாட்டில், அதே கசப்பு, அதே வாடை. முதல் கேள்வியில் சொன்ன முடிச்சை அது இன்னும் இறுக்கும். பன்னீர் சோடா, எலுமிச்சை ஜூஸ், நன்னாரி சர்பத், ஜிகர்தண்டா என்று நம் ஊரில் குடிக்க எவ்வளவோ இருக்கிறது.

"அவருக்குத் தெரியாம சாம்பார்ல ஒரு மாத்திரை கலந்தா குடிக்கவே மாட்டாராம். எங்கே கிடைக்கும்?"

கலக்காதீர்கள் தங்கச்சி. அந்த மாத்திரை டைசல்ஃபிரம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை இருக்கும். தெரிந்து சாப்பிடுபவருக்கு அது காவல், தெரியாமல் சாப்பிடுபவருக்கு விஷம். அவர் சம்மதத்தோடு, டாக்டர் பரிசோதித்து எழுதிக் கொடுத்து, தினமும் காலையில் உங்கள் கையால் கொடுங்கள். அப்படி நன்றாக இருப்பவர்கள் பலர்.

அதைச் சாப்பிடுபவர் அரிஷ்டம், ஆசவம், சில இருமல் டானிக், ஷேவ் செய்தபின் தடவும் லோஷன் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். ஆசையைக் குறைக்கும் வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

"எங்களுக்கு 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது. கரையில என்ன பண்றது? சீட்டும் குடியும்தான்."

ராமேஸ்வரம் பக்கத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வரும் கேள்வி இது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்களுக்குக் கைக்கு வேலை இல்லை, படகு கரையில், நிவாரணப் பணம் வரும் நாளும் எல்லோருக்கும் தெரியும். பணத்தை வீட்டம்மா கணக்கில் போட வையுங்கள். உங்கள் கையில் வேண்டாம்.

ஆனால் இந்த 61 நாளைச் சிகிச்சைக்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்றும் சொல்வேன். கடல் வேலை இருக்கும்போது ஒரு வாரம் வார்டில் படுக்க எந்த மீனவருக்கும் முடியாது. இப்போது முடியும். ஏப்ரல் கடைசியில் சேர்ந்தால், ஜூன் நடுவில் கடலில் இறங்கும்போது ஒன்றரை மாதம் தெளிந்த உடம்போடு இறங்கலாம். படகைப் பழுது பார்க்கிற நாட்களில் உடம்பையும் பார்த்துக்கொண்டேன் என்று ஒரு டிரைவர் சொன்னார். விசைப்படகு ஓட்டுகிறவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் மூன்றாவது தடைக்காலத்தையும் குடிக்காமல் கடந்துவிட்டார்.

"மே 1 கடை லீவு. நடுக்கம் தாங்கலை, பக்கத்து ஊர்ல காய்ச்சுறாங்க, வாங்கலாமா?"

வாங்காதீர்கள். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் இருபதுக்கும் மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தில் செத்தார்கள். மெத்தனாலை நாக்கு கண்டுபிடிக்காது. வயிற்று வலி, வாந்தி, கண் மங்குவது என்று தெரிய மணிக்கணக்காகும். அதற்குள் கண்ணும் உயிரும் போகலாம். யாராவது குடித்துவிட்டிருந்தால் வலி வரும்வரை காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கடை ஒரு நாள் மூடியதற்கே உடம்பு நடுங்குகிறது என்றால் நாலாவது கேள்வியில் சொன்ன நிலையில்தான் இருக்கிறீர்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு மே 1-ம் தேதி லீவு கிடையாது. அங்கே போங்கள்.

"எட்டு மாசம் சுத்தமா இருந்தேன். அழகர் ஆத்துல இறங்கின அன்னிக்கு ஒரு பீர் குடிச்சுட்டேன். எல்லாம் போச்சா?"

எட்டு மாதமும் எங்கும் போகவில்லை. அந்த எட்டு மாதத்தில் ஈரல் ஆறியது, பிள்ளை உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, அதெல்லாம் நடந்ததுதான். போனது ஒரு நாள். ஆனால் "போனது போச்சு" என்று இரண்டாவது நாளும் குடித்தால் அதுதான் உண்மையான ஆபத்து. இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். மறைத்து வைத்த பீர் ஒரு வாரத்தில் குவாட்டராகிவிடும். டாக்டர் கொடுத்த மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அவரிடமும் சொல்லுங்கள்.

இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு ஒரு ஆஃப் அடித்தவர் இப்போதும் அதே ஆஃப் அடித்தால் மூச்சே நிற்கலாம். வலி மாத்திரையையோ ஊசியையோ போதைக்காகப் போட்டவர்களுக்கு இது இன்னும் பல மடங்கு ஆபத்து.

"பெண்கள் கேட்கலாமா? யாருக்கும் தெரியாது, நான் குடிக்கிறது."

கேட்கலாம். உங்களைப் போல இன்னும் சிலர் இந்த மாதமே கேட்டிருக்கிறார்கள். 14446-ல் பெயர் சொல்லாமலே பேசலாம். அரசு ஓ.பி.யில் பெண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஆண்கள் நிறைந்த மீட்டிங்குக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஏஏ-யில் பெண்கள் வரும் கூட்டம் எது, ஆன்லைனில் எது என்று கேளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ முதல் வாக்கியத்திலேயே அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மருந்து அதைப் பொறுத்து மாறும்.

"அவர் எங்கேயும் வர மாட்டேங்கிறார். நான் என்ன செய்ய?"

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிப்பவர் வீட்டாருக்காக அல்-அனான் என்ற கூட்டங்கள் இருக்கின்றன. அதுவும் இலவசம்தான். அவரைத் திருத்த வழி சொல்லும் இடமாக நினைத்துப் போகாதீர்கள். நீங்கள் தூங்கவும் சாப்பிடவும் வழி கிடைக்கும். என் மனைவி எனக்கு நாலு மாதம் முன்பே போக ஆரம்பித்தார். ஒருநாள் நான் குடித்துவிட்டு வந்தபோது அவர் அழவில்லை, சண்டை போடவில்லை, சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அடிக்கிறார் என்றால் மட்டும் பொறுக்காதீர்கள், பெண்கள் உதவி எண் 181.

"லீவுல பிள்ளைங்க வீட்டுல இருக்காங்க. நான் மாத்திரை சாப்பிடறதை, மீட்டிங் போறதை என்னன்னு சொல்றது?"

உள்ளதைச் சொல்லுங்கள். "அப்பாவுக்கு உடம்புக்கு முடியலை, குடிச்சா நிறுத்த முடியாத நோய், அதுக்கு மருந்து சாப்பிடுறேன்." ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும். அவர்களுக்கு முன்பே தெரியும், நாம்தான் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சத்தியம் மட்டும் செய்து கொடுக்காதீர்கள். இன்றைக்குக் குடிக்கவில்லை என்பதை ராத்திரி தூங்கும்முன் சொன்னால் போதும்.

"எல்லாம் சரிண்ணே. சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிஞ்சா கால் தானா கடைப் பக்கம் போகுது. அந்த நேரத்தை என்ன பண்றது?"

கடை மத்தியானம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது. அதில் உங்களுக்கு ஆபத்தான நேரம் ஆறிலிருந்து பத்து. அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் காலையிலேயே திட்டம் போடுங்கள். ஐந்தரைக்கே தண்ணீர் குடித்து, சுண்டலோ வடையோ எதையாவது சாப்பிட்டுவிடுங்கள். பாதி ஆசை வெறும் வயிற்றில்தான் வருகிறது. வீட்டுக்குப் போகும் வழியை மாற்றுங்கள். நான் ஒரு வருஷம் இரண்டு கிலோமீட்டர் சுற்றித்தான் போனேன். கையில் ஐம்பது ரூபாய்க்கு மேல் வைக்காதீர்கள், போனில் பணம் அனுப்பும் ஆப்பையும் எடுத்துவிடுங்கள். வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளியுங்கள்.

ஏழு மணிக்கு ஒரு ஆள் வேண்டும். மீட்டிங்கோ, கோயிலோ, பிள்ளையோடு மைதானமோ எதுவாக இருந்தாலும் தனியாக இருக்காதீர்கள். நான் ஆரம்பத்தில் மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் குடியை விட்டு இருபது வருஷம் ஆனவர். ஒன்றும் பேச மாட்டார், ஒரு கூடை மல்லிகையை என் பக்கம் தள்ளுவார். எனக்குக் கட்டத் தெரியாது, கை வேறு நடுங்கும். காம்பை ஒரே பக்கமாக அடுக்கிக் கொடுப்பேன், அவர் கட்டுவார். பத்து மணிக்கு எதிரே கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டதும் "சரி தம்பி, வீட்டுக்குப் போ" என்பார்.